இளவேனிற் பூவும் பொருள்வயிற் பிரிவும்

பங்குனித் திங்களில் நடைபெறும் கவியரங்குகளுக்கு வசந்தம் என்பது வழக்கமான தலைப்பு. அங்குப் படிக்கப்பெறும் கவிதைகளுள் பெரும்பாலானவற்றில் தென்றல் வரும், குயில் வரும், ரோசாவும் மல்லிகையும் வரும், இறுதியில் வசந்தம் வாழ்க என்னும் வாழ்த்தும் வரும். கேட்பதற்கு இனிமையாகவே இருக்கும். ஆயினும், பாடியவர் வீட்டு வாயிலில் அன்று காலை எந்தப் பூ உதிர்ந்து கிடந்தது என்பதை அக்கவிதையைக் கொண்டு நாம் அறிய இயலாது. அதனினும் பெரியதொரு குறை உண்டு. இளவேனிற் பூவைக் கண்டால் மகிழ்ந்தே ஆக வேண்டும் என்னும் எண்ணம் அவற்றில் ஊறிக் கிடக்கிறது. தமிழின் மிகப் பழைய பாடல்களில் இளவேனிற் பூ பெரும்பாலும் மகிழ்ச்சிக்கு அடையாளமாக மலரவில்லை. பொருள் தேடி வெளியூர் சென்றவன் திரும்பி வருவதாகச் சொன்ன நாள் வந்துவிட்டது என்று அறிவிக்கவே அது மலர்ந்தது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றோர் குடும்பங்களுக்கு இது அயலார் செய்தியன்று. ஆதலின் அதன் வரலாற்றைச் சிறிது விரித்துரைக்கக் கருதுகிறேன்.

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் மாசியும் பங்குனியும் பின்பனி; சித்திரையும் வைகாசியும் இளவேனில். தொல்காப்பியம் திணைதோறும் உரிய பொழுதை வகுக்கையில் பாலைக்கு வேனிலை உரிமையாக்கி, பின்பனியும் அதற்கு உரியதே என்று கூட்டிச் சொல்கிறது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. எனவே, மரங்கள் அரும்பத் தொடங்கும் பின்பனியின் கடைநாள்களும், அவை பூத்துக் குலுங்கும் இளவேனிலும் தமிழ் இலக்கணப்படி பிரிந்தோர்க்கும் பிரியப்பட்டோர்க்கும் உரிய நாள்கள். வடமொழிக் காவியங்களில் வசந்தன் காமனுக்குத் தோழன், படைத்துணை. நம் அகப்பாடல்களில் அவன் ஒரு கணக்கன். கெடு முடிந்தது என்று ஏட்டைப் புரட்டிச் சொல்ல வருபவன். (மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாக இருப்பதால் எனக்கு இவ்வுவமை தோன்றியிருக்கலாம்.)

இதனைத் தெளிவாகக் காட்டுவது ஐங்குறுநூறு. சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை தொகுப்பிக்க, புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் தொகுத்த நூல் அது. ஐந்து திணைக்கும் நூறு நூறாக ஐந்நூறு சிறுபாடல்கள். ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டது. ஏட்டுச் சுவடியில் மறைந்து கிடந்த இந்நூலை டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1903இல் அச்சேற்றினார். இதில் பாலை நூறு ஓதலாந்தையார் பாடியது. அதன்கண் உள்ள ஒரு பத்துக்கு ‘இளவேனிற் பத்து’ என்றே பெயர். 341 முதல் 350 வரையுள்ள பாடல்கள் அவை.

பத்தும் மூன்று மூன்று அடிகள். பத்துக்கும் முதலடி ஒன்றே. தலைவர் வந்தபாடில்லை, பருவமோ தானாகவே வந்துவிட்டது என்பது அதன் கருத்து. எஞ்சிய இரண்டு அடிகளில் அந்தப் பருவம் எதைக்கொண்டு தன்னை அறிவித்தது என்பது மட்டும் சொல்லப்படும். தலைவி அழுதாள் என்றோ மெலிந்தாள் என்றோ ஒரு சொல் இல்லை. ஒரு பாட்டில் கோங்கின் கொழுத்த முகை உடைகிறது, அவ்வளவுதான். அடுத்த பாட்டில் முதலடி மறுபடியும் வருகிறது. இன்னொரு பூ. மறுபடியும் முதலடி. பத்து நாள் காலையில் ஒருத்தி கதவைத் திறந்து வெளியே பார்த்துவிட்டு உள்ளே திரும்புவதை நாம் காண்கிறோம். காத்திருத்தலை இதனினும் சுருங்கச் சொன்ன புலவரை நான் கண்டதில்லை.

அப்பத்தில் வரும் மரஞ்செடிகளின் வரிசையே ஒரு தோட்டம். கரிய அடிமரத்தையுடைய நுணா மணக்கிறது. நாம் மஞ்சணத்தி என்பது இதனையே. அதிரல் என்னும் காட்டுமல்லிகையின் புதுப்பூ கூந்தலுக்கு அணியாகிறது. வெண்கடம்பாகிய மரா, இதழ் வலமாகச் சுரிந்து சோலையை மணக்கச் செய்கிறது. மாமரம் நெருப்பு நிறத் தளிரை ஈனுகிறது. குரவமரத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது தருவதைப் பாவை என்பர் பழம்புலவர். கையால் எவரும் செய்யாத பாவை. சிறுமியர் அதைக் கொய்து விளையாடுவர். தலைவன் இல்லாத வீட்டில் விளையாட்டுப் பாவையை மரம் தானே தருகிறது என்று புலவர் சொல்லும்போது, அவ்வீட்டில் இன்னும் பிறவாத குழந்தையை எண்ணாமல் இருக்க முடியவில்லை. இஃது என் கருத்து, உரைகாரர் கூறியதன்று. குராமரத்தை நேரிற் காண விழைவோர் திருவிடைக்கழி முருகன் கோயிலில் தலமரமாகக் காணலாம்.

பாதிரி பூத்ததும் செங்கண் குயில் கூவுகிறது என்பது ஒரு பாட்டு. பாதிரி குழல்போல் நீண்டு, வாயில் ஐந்து மடலாய் விரியும் பூ; உட்புறம் மென்மயிர் படர்ந்தது; மணம் மிக்கது. கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூருக்கு அம்மரமே பெயர் தந்தது. வடக்கே பாடலிபுத்திரத்துக்குப் பெயர் தந்த பாடலியும் இதுவே. புதுப்பானையில் பாதிரிப்பூவை இட்டுவைத்தால் பானை மணம்பெற்றுப் பின் தண்ணீருக்கும் அம்மணத்தைத் தரும் என்னும் செய்தியை நாலடியார் எடுத்துக்கொண்டு, கல்லாதவரும் கற்றாரோடு சேர்ந்தால் நல்லறிவு பெறுவர் என்பதற்கு உவமையாக்குகிறது. தமிழ்ச் சங்கங்களின் உறுப்பினர் சேர்க்கைக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டியதில்லை.

பத்தின் கடைசிப் பாட்டில் வேம்பின் ஒளியுடைய பூக்கள் உதிர்கின்றன. இங்குதான் புலவர் தம் மறைப்பை நீக்குகிறார். தேனொழுகும் பேச்சுடைய அவர், வந்துவிடுவேன் என்று தெளிவித்துச் சென்ற பொழுது இதுவே என்கிறாள் தலைவி. கசப்பு மரத்தின் பூவும் தேன்போன்ற சொல்லும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. விளக்கம் எதுவும் இல்லை. குறுந்தொகையில் பரணரும் இதே வேம்பைப் பாடுகிறார். வேம்பின் புதுப்பூ வந்துவிட்டதே, என் தலைவன் இல்லாமலேயே இதுவும் கழிந்துபோகுமோ என்று அங்கு ஒருத்தி கேட்கிறாள். வேப்பம்பூ ஆண்டுக்கு ஒருமுறை வருவது. இந்த ஆண்டின் பூ போனால் அடுத்த ஆண்டுதான். அவள் கேள்வியின் கனம் அக்கணக்கில் இருக்கிறது.

பூவின் சொல்லை நம்புவதா, போனவரின் சொல்லை நம்புவதா என்பது இத்தகைய பாடல்களில் ஓயாத வழக்கு. ஓதலாந்தையாரே குறுந்தொகையில் வேறொருத்தியைப் படைத்திருக்கிறார். அவள் எதிரே காடு முழுதும் கொன்றை பூத்துக் கார்காலம் வந்தது என்கிறது. நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார் என்கிறாள் அவள். அதே நூலில் கோவர்த்தனாரின் தோழி இன்னும் ஒரு படி மேலே சென்று, பருவமல்லாத மழையைக் கார் என்று எண்ணிப் பூத்த கொன்றையை அறிவற்ற மரம் என்று ஏசுகிறாள். ஓதலாந்தையார் ஒருவரே ஓரிடத்தில் பூவைப் பொய்யாக்கினார். மற்றோரிடத்தில் பூக்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிச் சென்றவனைப் பொய்யனாக்கினார். இரண்டாவதே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது; முதலாமவளின் உறுதி அழகியது, ஆனால் அவள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இங்கு ஒரு வேறுபாட்டையும் குறித்துக்கொள்ளலாம். வேந்தன் வினைமேற் சென்றவன், அதாவது படைக்கும் பாசறைக்கும் சென்றவன், முல்லைப் பாடல்களில் கார்காலத்தில் மீள்வதாகச் சொல்லிச் செல்கிறான். சுரம் கடந்து பொருளீட்டச் சென்றவனுக்குப் பாலைப் பாடல்கள் பலவற்றில் இளவேனில் கெடுவாகிறது. அரசுப் பணிக்கு ஒரு பூ, சொந்த வருவாய்க்கு ஒரு பூ என்று பிரித்திருந்தார்கள் போலும். இக்கணக்குப்படி எனக்குக் கொன்றையே உரியது. ஆனால் அரசு எனக்கு மார்ச்சுத் திங்களை ஒதுக்கியிருக்கிறது. நிதியாண்டு மார்ச்சு 31இல் முடிகிறது. கணக்கு முடியும்வரை அலுவலகத்தில் விடுப்பு கேட்கவும் கூசும். வேம்பு அரும்பும் அதே வாரங்களில் ஊருக்குச் செல்ல இயலாத எழுத்தர்கள் இந்நாடெங்கும் இருக்கின்றனர்.

பூவைக்கொண்டே எழுதப்பட்ட மடல் ஒன்றும் நம் இலக்கியத்தில் உண்டு. சிலப்பதிகாரத்து வேனிற்காதையில் கோவலன் பிரிந்துபோன பின் மாதவி மேன்மாடத்தில் இருக்கிறாள். இளவேனில் வந்துவிட்டது. சண்பகம், மாதவி, தமாலம், கருமுகை முதலிய மலர்களால் தொடுத்த மாலையின் இடையே தாழையின் வெண்மடலைப் பொருத்துகிறாள். பித்திகையின் கொழுத்த மொட்டே எழுதுகோல். செம்பஞ்சுக் குழம்பே மை. இளவேனில் நெறியறியாத இளவரசன், திங்களும் நடுநிலை இல்லாதவன், ஆதலின் இவர்கள் ஆட்சியில் பிரிந்தோர் படும் துன்பம் புதிதன்று என்பது அம்மடலின் கருத்து. அரசியல் முறையீடு போல் எழுதப்பட்ட காதற் கடிதம். வசந்தமாலை அதை எடுத்துச் சென்று கூலக்கடைத் தெருவில் கோவலனைக் கண்டு கொடுக்கிறாள். அவன் வாங்க மறுத்துவிடுகிறான். இளவேனிற் பூவால் எழுதப்பட்ட அக்கடிதம் படிக்கப்படாமலே திரும்பியது. பின்னர் அவள் எழுதிய வேறொரு மடல் மதுரைக்குச் செல்லும் வழியில் அவன் கைக்குக் கிடைத்தபோது, அவனால் திரும்ப இயலாத நிலை வந்திருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். பாலைத் தலைவன் சென்ற ஊரின் பெயரைப் பாடல்கள் பலவும் சொல்வதில்லை. அண்மை நூற்றாண்டுகளில் அப்படிச் சென்ற ஊர்களுள் ஒன்று பெங்களூர். 1809இல் ஆங்கிலேயர் இங்குப் படைக்குடியிருப்பு அமைத்தபோது சென்னை மாகாணப் படையோடு தமிழர் பெருந்தொகையாக வந்தனர். வணிகரும் கட்டடத் தொழிலாளரும் எழுத்தரும் தொடர்ந்தனர். 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டுக்கு இருப்புப்பாதை வந்தபின் வரவு எளிதாயிற்று. 1898இல் பிளேக் நோய் இந்நகரை வாட்டியது. நெருக்கமான குடியிருப்புகளிலிருந்து மக்களைக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுசெல்லும் நோக்கில் அகன்ற தெருக்களோடு அமைக்கப்பட்டதே பிரேசர் டவுன். மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த சர் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1988இல் புலிகேசி நகர் என்று பெயர் மாறியும், பேருந்தில் ஏறுவோர் வாயில் பழைய பெயரே நிற்கிறது. எச்.ஏ.எல். 1940இலும், ஐ.டி.ஐ. 1948இலும், பி.இ.எல். 1954இலும் தோன்றியபின் மேலும் பல குடும்பங்கள் வந்தன.

வந்தவர்களுள் பலர் முதலில் தனியே வந்தவர்கள். மனைவி மக்கள் வட ஆர்க்காட்டிலோ சேலத்திலோ தருமபுரியிலோ இருப்பர். திங்கள்தோறும் மணியார்டர் செல்லும். அதன் அடிச்சீட்டில் இரண்டு வரி எழுத இடம் இருக்கும். பங்குனி உத்திரத்துக்கு வருகிறேன், சித்திரைக்கு வருகிறேன் என்று அந்த இரண்டு வரியில் எழுதுவார்கள். என் பாட்டியார் அத்தகைய அடிச்சீட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் வீட்டுக் கொல்லையில் வேம்பு பூத்தால் எந்தச் சீட்டு எந்த ஆண்டினது என்று சொல்லக்கூடியவராய் இருந்தார். ஐங்குறுநூற்றை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

பெங்களூரின் பூமரங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. லால்பாக் தோட்டம் 1760இல் ஐதர் அலி தொடங்கியது. அதன் கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1908இல் மைசூர் அரசின் பணிக்கு வந்த செருமானியத் தோட்டக்கலை அறிஞர் கிரும்பீகல், ஒன்று பூத்து ஓய்கையில் மற்றொன்று பூக்குமாறு தெருத்தோறும் மரங்களைத் தேர்ந்து நடும் முறையை இந்நகருக்குத் தந்தார். 1980களில் வனத்துறை அலுவலர் நெகின்ஹால் காலத்தில் இலட்சக்கணக்கான மரங்கள் நடப்பட்டன. இன்று மாசி, பங்குனித் திங்களில் இளஞ்சிவப்பாய்ப் பூத்துத் தெருவை மூடும் டபேபூயா அமெரிக்கக் கண்டத்து மரம். நீலமாய்ப் பூக்கும் ஜகரண்டாவும் அவ்வாறே. நம் புலவர்கள் இவற்றைப் பாட அஞ்சுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். சங்க நூலில் இல்லாத மரம் எப்படிக் கவிதைக்குள் வரும்? ஆனால் தாவரவியலார் இவ்விரண்டையும் பாதிரியோடு ஒரே குடும்பத்தில் வைக்கின்றனர். உதிர்ந்த பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதே குழல், அதே ஐந்து மடல். கடல் கடந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட பாதிரியின் உறவினர் இவர்கள்.

புறத்தே செல்லாமல் நம் தெருவிலேயே சங்கப் பூ வேண்டுமாயின் புங்கமரத்தைப் பார்க்கலாம். பழைய பெயர் புன்கு. இளவேனிற் பத்தில் மகளிர் அதன் தளிரை மேனியில் அப்பிக்கொள்வர். அதன் பூவுக்குப் பொரியே உவமை. பங்குனியில் இலை உதிர்த்துப் புதுத்தளிர் விட்டு, ஏப்பிரலில் நடைபாதை முழுதும் பொரியை இறைத்தாற்போல் பூவை உதிர்ப்பது அது. கன்னடத்தார் இதனை ஹொங்கே என்பர். தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாவதைப் பால் ஹாலு ஆவதிலும் பூ ஹூவு ஆவதிலும் காண்கிறோம். வேம்பு அவர்களுக்குப் பேவு. உகாதியன்று அவர்கள் வேப்பம்பூவும் வெல்லமும் உண்கின்றனர். சித்திரை முதல்நாளில் நாம் வேப்பம்பூப் பச்சடி உண்கிறோம். 2021இல் உகாதி ஏப்பிரல் 13இலும் நம் புத்தாண்டு 14இலும் வந்தன. அடுத்தடுத்த வீடுகளில் அடுத்தடுத்த நாளில் ஒரே மரத்துப் பூ.

அதற்கு முந்திய ஆண்டின் இளவேனிலை எவரும் மறந்திருக்கமாட்டார். 2020 மார்ச்சு 25, உகாதி நாள். அன்றுதான் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. பயணிகள் இரயில்கள் அதற்கு முன்பே நின்றிருந்தன. ஒரு கொள்ளைநோயின் பயனாய் எழுந்த பிரேசர் டவுனில், இன்னொரு கொள்ளைநோயின்போது தெருக்கள் வெறிச்சோடி, பூ மட்டும் பெருக்குவாரின்றிக் கிடந்தது. சித்திரைக்கு ஊர் வருவதாகச் சொல்லியிருந்த பிள்ளைகள் வரவில்லை. ஊரில் இருந்த தாய்மார் தொலைபேசியில், வேம்பு பூத்துவிட்டது என்றனர், வேறெதுவும் கேட்கவில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பத்துப் பாடல்களின் முதலடியை எத்தனை வீடுகள் அவ்வாண்டு அறியாமலே சொல்லியிருக்கும்!

ஐங்குறுநூற்றின் அமைப்பில் ஒன்று கருதத்தக்கது. இளவேனிற் பத்தை அடுத்து வைக்கப்பட்டிருப்பது ‘வரவுரைத்த பத்து’. தலைவன் வருகையை அறிவிக்கும் பத்து. படிக்கிற நமக்கு ஏட்டைப் புரட்டினால் அவன் வந்துவிடுகிறான். காத்திருப்பவளுக்கு அந்த ஏடு தெரியாது. மற்றொன்று: இளவேனிற் பத்தில் சென்றவன் பேசுவதே இல்லை. அவன் சென்ற ஊரிலும் வேனில் வந்திருக்கும், அங்கும் ஏதோ ஒரு மரம் பூத்திருக்கும், அதைப் பார்த்து அவன் என்ன எண்ணினான் என்பதை ஓதலாந்தையார் எழுதவில்லை. அதை எழுதும் உரிமை அவனைப்போல் வந்து தங்கியவர்களுக்கே உண்டு. தோட்டம் என்பது இன்று பிரேசர் டவுனில் பலர்க்கு மாடிச் சுவரோரம் நான்கு மண்தொட்டிதான். பழைய பங்களாத் தோட்டங்கள் அடுக்குமாடிகளாகிவிட்டன. எனினும் தெருமரங்கள் எஞ்சியிருக்கின்றன. மூன்றடி போதும். ஒரு பூவின் பெயர் போதும். அது டபேபூயாவாக இருந்தாலும் தாழ்வில்லை. வசந்தம் வாழ்க என்னும் வாழ்த்தை மட்டும் விட்டுவிட வேண்டும். புங்கம்பூ ஏப்பிரல் வரை உதிர்ந்துகொண்டிருக்கும். கவியரங்குக்கு எழுத நினைப்போர்க்கு நாள் இருக்கிறது.